பிலிம் கேமராவா, டிஜிட்டல் கேமராவா? போட்டோகிராபி பழக ஆசைப்படுபவர்கள் முதலில் போட வேண்டிய கணக்கு என்ன?

பீரோவுக்கு மேலே இருக்கும் பழைய சூட்கேஸுக்குள், தோல் உறையோடு ஒரு கேமரா. அப்பா காலத்து யாஷிகா. கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகனோ மகளோ அதைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "இதுல இன்னும் போட்டோ எடுக்க முடியுமாப்பா?" என்பதுதான். அடுத்த கேள்வி, "போட்டோகிராபி கத்துக்க இதையே வச்சுக்கலாமா, இல்ல புதுசா டிஜிட்டல் வாங்கணுமா?"

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். முடியும். 35 எம்எம் பிலிம் ரோல் இன்றும் விற்பனையில் இருக்கிறது. 2022-ல் லைக்கா நிறுவனம் தன்னுடைய பழைய எம்6 பிலிம் கேமராவை மறுபடியும் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2024-ல் ரிக்கோ நிறுவனம் பென்டாக்ஸ் 17 என்ற புத்தம்புது பிலிம் கேமராவையே வெளியிட்டது.

இரண்டாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். காரணம், தவறான கேமராவை வாங்கிவிட்டு, செலவு தாங்காமல் ஆறே மாதத்தில் ஆசையையே மூட்டை கட்டி வைப்பவர்கள் நிறைய.

இரண்டுக்கும் என்னதான் வித்தியாசம்?

லென்ஸ், ஷட்டர், அபெர்ச்சர் மூன்றும் இரண்டு வகை கேமராவிலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. வித்தியாசம், வெளிச்சம் போய் விழும் இடத்தில்.

பிலிமில் வெள்ளி கலந்த நுண்ணிய துகள்கள் பூசப்பட்டிருக்கும். ஷட்டர் திறந்ததும் வெளிச்சம் பட்ட துகள்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மாற்றம் ஏற்படும. ரசாயனத்தில் கழுவும்போதுதான் அது படமாக வெளியே வரும். டிஜிட்டலில் அந்த இடத்தில் சென்சார் இருக்கிறது. அது வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றி, எண்களாக மெமரி கார்டில் பதிய வைக்கும்.

இதிலிருந்து வரும் முக்கியமான ஒரு விஷயம் ஐஎஸ்ஓ. வெளிச்சத்துக்கு எவ்வளவு வேகமாகப் படம் பதியும் என்பதைக் குறிக்கும் எண் இது. டிஜிட்டலில் வெயிலில் 100, வீட்டுக்குள் 1600 என்று ஒவ்வொரு படத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம். பிலிமில் அது முடியாது. 200 ரோல் போட்டால், அந்த ரோல் தீரும்வரை பொதுவாக 200-தான். காலையில் மெரினாவில் எடுத்த ரோல் பாதியில் இருக்கும்போது, சாயங்காலம் கோயில் பிராகாரத்துக்குள் போனால் திண்டாட்டம்தான்.

டிஜிட்டல் எப்படி வந்தது?

டிஜிட்டல் கேமராவை முதலில் செய்தது பிலிம் விற்று வாழ்ந்த கோடக் நிறுவனம்தான். 1975-ல் அங்கே பணியாற்றிய ஸ்டீவன் சாசன் என்ற பொறியாளர் அதை உருவாக்கினார். எடை சுமார் 3.6 கிலோ. ஒரு படம் கேசட் டேப்பில் பதிவாக 23 விநாடி ஆனது. படத்தின் தரம் வெறும் 0.01 மெகாபிக்சல். அதே கோடக், டிஜிட்டல் அலையில் சிக்கி 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது வரலாறு.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. ஊட்டியில் மத்திய அரசு 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் தயாரித்தது. அதுவும் நலிவடைந்து மூடப்பட்டுவிட்டது. தெருவுக்குத் தெரு இருந்த கலர் லேப்களும் குறைந்துவிட்டன. அதனால், பிலிம் கேமரா வாங்க நினைப்பவர்கள் முதலில் தேட வேண்டியது கேமராவை அல்ல, கழுவிக் கொடுக்கும் லேபை. உள்ளூரில் இல்லையென்றால் ரோலை கூரியரில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

பணக் கணக்கு எப்படி?

பழைய பிலிம் கேமரா வீட்டிலேயே இருக்கிறது, இல்லையென்றால் மலிவாகக் கிடைக்கிறது. டிஜிட்டல் கேமராவோ பல ஆயிரம் ரூபாய். அப்போ பிலிம்தானே லாபம் என்று தோன்றும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

ஒரு கணக்குக்கு, ரோல் விலை, கழுவும் கூலி, ஸ்கேன், கூரியர் எல்லாம் சேர்த்து ஒரு ரோலுக்கு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரோலில் 36 படம். அப்படியானால் ஒரு தடவை ஷட்டரை அழுத்தினால் சுமார் 42 ரூபாய். மாதம் 2 ரோல் என்றால் வருஷத்துக்கு 36,000 ரூபாய். கிடைப்பது 864 படங்கள். இரண்டு வருஷத்தில் செலவு 72,000 ரூபாயைத் தொட்டுவிடும்.

டிஜிட்டலில் செலவு முதல் நாளிலேயே முடிந்துவிடுகிறது. 864 படத்தை ஒரு கல்யாண வீட்டில் ஒரே நாளில் எடுத்துவிடலாம். அதாவது, பிலிம் கேமரா வாங்கும்போது மலிவு, வைத்திருக்கும்போது செலவு. உங்கள் ஊரில் லேப் என்ன விலை சொல்கிறதோ, அந்த எண்ணைப் போட்டு இதே கணக்கைப் பார்த்துக்கொள்வது நல்லது.

செலவைக் குறைக்க ஒரு வழி, பாதி பிரேம் கேமரா. முன்பு சொன்ன பென்டாக்ஸ் 17 அந்த வகைதான். ஒரு பிரேம் இடத்தில் இரண்டு படம் என்பதால் 36 ரோலில் 72 படம் வரும். படத்தின் அளவு பாதியாகிவிடும் என்பது அதற்கு விலை.

இன்னொரு வழி, கருப்பு-வெள்ளை பிலிமை வீட்டிலேயே கழுவுவது. இருட்டறை இல்லாமலே, வெளிச்சம் புகாத ஒரு பையும் டேங்கும் சில ரசாயனங்களும் இருந்தால் செய்துவிடலாம். வழக்கமாக இதற்குச் சொல்லப்படும் வெப்பநிலை 20 டிகிரி. சென்னையில் குழாய்த் தண்ணீரே அதைவிடச் சூடாக வரும் என்பதால், ஐஸ் கட்டி போட்டுக் குளிரவைக்க வேண்டும், இல்லையென்றால் கழுவும் நேரத்தைக் குறைக்க வேண்டும்.

கற்றுக்கொள்ள எது நல்லது?

"பிலிம்ல கத்துக்கிட்டாதான் நிஜமான போட்டோகிராபர்" என்று சொல்பவர்கள் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் காசு என்பதால், அழுத்துவதற்கு முன் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, பின்னால் என்ன தெரிகிறது என்று மனசு நின்று பார்க்கும். அந்த நிதானம் பெரிய பாடம்.

ஆனா, தப்பைத் திருத்திக்கொள்ளும் வேகத்தில் டிஜிட்டலை அடிக்க முடியாது. ஷட்டர் வேகம் போதாமல் படம் ஆடிப்போனால் அடுத்த நொடியே திரையில் தெரிந்துவிடும். அந்த இடத்திலேயே மறுபடியும் எடுக்கலாம். எந்த அபெர்ச்சர், எந்த ஷட்டர் வேகம், என்ன ஐஎஸ்ஓ என்பதெல்லாம் படத்தோடு சேர்ந்தே பதிவாகும். பிலிமில் தப்பு தெரியவே இரண்டு வாரம் ஆகும். அதற்குள் என்ன செட்டிங் வைத்தோம் என்பதே மறந்துபோகும். பிலிமில் பழகுபவர்கள் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைப்பது அதனால்தான்.

இரண்டுக்கும் வெளிச்சக் கணக்கும் கொஞ்சம் மாறும். கலர் நெகட்டிவ் பிலிம் வெளிச்சம் கூடிப்போனால் ஓரளவு பொறுத்துக்கொள்ளும், குறைந்தால் படம் மங்கிவிடும். டிஜிட்டலில் தலைகீழ். இருட்டான பகுதியைப் பிறகு கம்ப்யூட்டரில் ஓரளவு மீட்கலாம், ஆனால் வெளுத்துப்போன வானத்தை மீட்க முடியாது. ஒன்றில் பழகியவர் இன்னொன்றுக்கு மாறும்போது முதலில் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

பழைய கேமராவில் எதையெல்லாம் பார்க்கணும்?

லென்ஸை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். சிலந்தி வலை மாதிரி நூல்நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில், பெட்டிக்குள் பூட்டி வைத்த லென்ஸ்களுக்கு இது சகஜம்.

பின்கதவைத் திறந்து, ஓரத்தில் இருக்கும் கருப்பு பஞ்சைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பிசுபிசுவென்று கையோடு வந்தால் மாற்றியாக வேண்டும். இல்லையென்றால் வெளிச்சம் கசிந்து படத்தில் கோடு விழும்.

பேட்டரி அறையில் பச்சையாகப் பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1970-களின் சில கேமராக்கள் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அந்த பேட்டரி இப்போது கிடையாது, மாற்று ஏற்பாடுதான். பென்டாக்ஸ் கே1000 போன்ற இயந்திர கேமராக்களில் பேட்டரி இல்லாமலே ஷட்டர் வேலை செய்யும், வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான் பேட்டரி.

மீட்டர் செத்துப்போயிருந்தாலும் கேமரா வீண் இல்லை. நல்ல வெயிலில் அபெர்ச்சர் 16, ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணுக்குப் பக்கத்தில். அதாவது 200 பிலிம் என்றால் 1/250 விநாடி. இந்தப் பழைய விதி இன்றும் பொய்க்காது.

ரோல் மாட்டும்போது இன்னொரு கவனம். லீவரை இழுக்கும்போது இடது பக்கக் குமிழ் சேர்ந்து சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் பிலிம் பல்லில் மாட்டவே இல்லை என்று அர்த்தம். 36 படம் எடுத்துவிட்டு, கடைசியில் வெற்று ரோலைக் கழுவக் கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதனால் கல்யாணம், காதுகுத்து மாதிரி திரும்ப வராத நாளுக்கு, சோதித்துப் பார்க்காத கேமராவை நம்பிப் போகக் கூடாது.

பழைய டிஜிட்டல் வாங்குபவர்கள், ஷட்டர் இதுவரை எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று கேட்க வேண்டும். அபெர்ச்சரை 16-ல் வைத்து வெள்ளைச் சுவரை எடுத்துப் பார்த்தால் சென்சாரில் ஒட்டியிருக்கும் தூசி புள்ளியாகத் தெரியும்.

விமானத்தில் போகும்போது கழுவாத பிலிமை லக்கேஜில் போடக் கூடாது. அதற்கான ஸ்கேனரின் கதிர்வீச்சு பிலிமைக் கெடுத்துவிடும். கைப்பையில் வைத்து, கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்பதே பாதுகாப்பு. வெயிலில் நிற்கும் காருக்குள் ரோலை வைப்பதும் தவறு.

எது நீண்ட நாள் தங்கும்?

30 வருஷத்துக்கு முந்தைய நெகட்டிவ் ஒரு கவரில் கிடைத்தால், இன்றைக்கும் ஸ்கேன் செய்து பிரிண்ட் போடலாம். அதே நேரம், ஈரமும் பூஞ்சையும் பட்டால் அது போனதுதான். 2015 சென்னை வெள்ளத்தில் ஆல்பங்களை இழந்த குடும்பங்களுக்கு அந்த வலி தெரியும். நகல் இல்லாத படம் போனால் போனதே.

டிஜிட்டல் படத்துக்கு எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனா யாராவது எடுத்து வைக்க வேண்டும். ஒரே ஹார்ட் டிஸ்கில் பத்து வருஷப் படத்தையும் போட்டு வைத்தால், அது பழுதாகும் அன்று எல்லாமே போய்விடும். மூன்று நகல், இரண்டு வகை சாதனத்தில், ஒன்று வீட்டுக்கு வெளியே என்பதுதான் பாதுகாப்பான முறை. பிலிமில் எடுப்பவர்களும் ஸ்கேன் மட்டும் போதும் என்று விடாமல், நெகட்டிவை லேபிலிருந்து மறக்காமல் திரும்பக் கேட்டு வாங்க வேண்டும்.

சரி, அப்போ எதைத்தான் வாங்குவது?

இப்போதுதான் தொடங்குகிறீர்கள், நிறைய எடுத்துப் பழக வேண்டும் என்றால், செகண்ட் ஹேண்ட் டிஜிட்டல் கேமராவும் ஒரு சாதாரண லென்ஸும் போதும். நாளைக்கு இதையே தொழிலாகச் செய்யும் எண்ணம் இருந்தாலும் அதுதான் வழி.

அடிப்படை ஏற்கெனவே தெரியும், அவசரம் இல்லை, மாதம் ஒரு ரோல் செலவு கையைக் கடிக்காது என்றால் பிலிம் நல்ல துணை. லென்ஸைக் கழற்றும் வகை பழைய எஸ்எல்ஆர் வீட்டில் இருந்தால் நடு வழியும் உண்டு. பொருத்தமான அடாப்டர் வாங்கி, அந்தக் கால லென்ஸையே மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராவில் மாட்டி எடுக்கலாம். ஃபோகஸ் மட்டும் கையால் செய்ய வேண்டும்.

எதையும் வாங்காமல் தொடங்கவும் ஒரு வழி இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்போனில் 36 படம் மட்டும் என்று கணக்கு வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். ஒன்றையும் அழிக்கக் கூடாது, வீட்டுக்கு வரும்வரை திறந்தும் பார்க்கக் கூடாது. அந்தக் கட்டுப்பாடு பிடித்திருந்தால், பீரோவுக்கு மேலே இருக்கும் யாஷிகாவுக்கு ஒரு ரோல் வாங்கிப் போடலாம். பிடிக்கவில்லை என்றால், ஒரு ரூபாய் செலவில்லாமல் பதில் தெரிந்துவிட்டது.