கொடுப்பது ‘லெண்ட்’, வாங்குவது ‘பாரோ’

 

வட்டியில்லாக் கடனுதவி கேட்டு நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதும் மனுக்களில் ஒரே பிழையை அடிக்கடி பார்க்கிறோம். ‘ப்ளீஸ் பாரோ மீ டென் தௌசண்ட் ருபீஸ்’ என்று எழுதுகிறார்கள். கேட்பது என்னவென்று நமக்குப் புரிந்துவிடும். வங்கிக்கோ வெளியூர்க் கல்லூரிக்கோ இப்படி எழுதினால் முதல் வரியிலேயே மதிப்புக் குறைந்துவிடும்.

தமிழில் ‘கடன்’ என்ற ஒரே சொல்லுடன் ‘கொடு’ அல்லது ‘வாங்கு’ என்று சேர்த்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனி வினைச்சொல். திரும்பப் பெறும் எண்ணத்தில் கொடுப்பது ‘லெண்ட்’. திருப்பித் தருவதாக வாங்குவது ‘பாரோ’. பணமானால் கடன், பொருளானால் இரவல் என்று நாம் பிரிப்பதுபோல் அங்கே பிரிவில்லை. ரூபாய்க்கும் குடைக்கும் இதே சொற்கள்தாம்.

எதை எழுதுவது என்ற சந்தேகம் வந்தால் எழுவாயைப் பாருங்கள். அவர் கையிலிருந்து போனால் ‘லெண்ட்’. அவர் கைக்கு வந்தால் ‘பாரோ’. ‘கேன் யூ லெண்ட் மீ யுவர் பென்?’ என்றாலும், ‘கேன் ஐ பாரோ யுவர் பென்?’ என்றாலும் கேட்பது ஒன்றே. முன்னதில் கொடுப்பவர் எழுவாய். பின்னதில் வாங்குபவர் எழுவாய்.

‘லெண்ட் மீ’ என்பது சரி. ‘பாரோ மீ’ என்பது தவறு. யாரிடம் வாங்கினோம் என்பதைச் சொல்ல, ‘பாரோ’வுடன் ‘ஃப்ரம்’ வர வேண்டும்: ‘ஐ பாரோட் ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ் ஃப்ரம் மை அங்கிள்.’ இறந்தகாலத்தில் ‘லெண்டட்’ என்று எழுதக்கூடாது. ‘டாக்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தில் முடியும் ‘லெண்ட்’, இறந்தகாலத்தில் ‘டீச்சர்’ என்பதன் முதலெழுத்தில் முடியும்.

இது பள்ளித் தேர்வோடு நிற்கும் விஷயமல்ல. வங்கிப் படிவத்தில் ‘லெண்டர்’ என்றால் கடன் கொடுப்பவர். ‘பாரோவர்’ என்றால் கடனாளி. பிள்ளையின் கல்விக் கடனுக்குத் தாயோ தந்தையோ ‘கோ-பாரோவர்’ என்ற இடத்தில் கையொப்பமிட்டால், வெறும் சாட்சியாக அல்ல, கடனைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பில் பங்காளியாகவே கையொப்பமிடுகிறார்கள். இது தெரிந்தே பேனாவை எடுக்க வேண்டும்.

தவணை குறித்த கடனை எழுதிக்கொள்ளும்படி அல்குர்ஆனின் 2:282ஆவது வசனம் பணிக்கிறது. பத்திரத்தின் வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன்பட்டவர்தாம் என்றும் அதிலேயே வருகிறது. அப்படியானால், தாம் ஒப்புக்கொள்ளும் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர் அறிந்திருக்க வேண்டாமா? ஆங்கிலம் தெரியாத பெரியவர்களுக்குப் படித்த பிள்ளைகள் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக் காட்டட்டும். அதன் பிறகு கையொப்பமிடுங்கள்.

இன்றிரவே பிள்ளைகளை ‘லெண்ட்’ வைத்து இரண்டு வாக்கியம், ‘பாரோ’ வைத்து இரண்டு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று கேளுங்கள். தயங்காமல் பதில் வந்தால் போதும்.