மொழிக்குலைவும் தமிழ் இலக்கணமும்: மூளைப் பாதிப்பால் சிதையும் மொழியை மதிப்பிடுவதில் எழும் சிக்கல்கள்

திறவுச்சொற்கள்: மூளை, மொழிக்குலைவு, புரோக்கா, வெர்னிக்கே, வேற்றுமைத்தொகை, வழு, இரட்டை வழக்கு

முன்னுரை

மூளைக்கும் மனத்திற்கும் நடத்தைக்கும் உள்ள உறவை உறுதிப்படுத்திய தொடக்கச் சான்றுகளுள் முதன்மையானது மொழி சார்ந்ததாகும். பக்கவாதத்தாலோ தலைக்காயத்தாலோ மூளையின் ஒரு பகுதி சிதையும்போது மொழி முழுவதும் ஒருங்கே அழிவதில்லை; ஒரு கூறு குலைய மற்றொரு கூறு எஞ்சுகிறது. ‘அஃபேசியா’ எனப்படும் இந்நிலையைப் ‘பேச்சிழப்பு’ எனத் தமிழில் வழங்குவதுண்டு. தடையின்றிப் பேசிக்கொண்டே பொருள் இழந்து நிற்போரும் இந்நோயருள் அடங்குவர் ஆதலின், ‘மொழிக்குலைவு’ என்னும் சொல்லே இங்குப் பொருந்தும். எக்கூறு எவ்வாறு குலையும் என்பது மூளையை மட்டுமன்றி அம்மொழியின் இலக்கண அமைப்பையும் சார்ந்தது. ஆகவே தமிழ் பேசும் நோயரின் மொழியை மதிப்பிடத் தமிழ் இலக்கணமே அளவுகோலாதல் வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

புரோக்காவும் வெர்னிக்கேயும்

பாரிசு நகரை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் 21 ஆண்டுகள் வாழ்ந்த லெபோர்ன் என்பவரால் ‘தான்’ என்னும் ஓரசையை மட்டுமே ஒலிக்க முடிந்தது. பிறர் கூறுவதை அவர் பெரும்பாலும் புரிந்துகொண்டார். ஏற்ற இறக்கத்தாலும் சைகையாலும் விடையளித்தார். தம் கருத்துப் பிறருக்கு விளங்காதபோது சினம் மிகுந்து, முழுமையான வசைத்தொடர் ஒன்று அவர் வாயினின்று வெளிப்பட்டது. 1861 ஏப்ரலில் அவர் இறந்தபின், அறுவை மருத்துவர் பால் புரோக்கா அவர்தம் மூளையை ஆராய்ந்து, இடப்புற முன்மடலின் கீழ்ப்பகுதியில் சிதைவு இருப்பதைக் காட்டினார். அதே ஆண்டில் ஆராயப்பட்ட லெலோங் என்னும் முதியவரிடம் ஐந்து சொற்களே எஞ்சியிருந்தன. எந்த எண்ணையும் ‘மூன்று’ என்றே சொன்ன அவர், சரியான எண்ணை விரல்களால் காட்டினார். எண்ணறிவு இருந்தது, எண்ணுப்பெயர் இல்லை.

1874-இல் கார்ல் வெர்னிக்கே இதற்கு மாறான நிலையொன்றை விளக்கினார். இடப்புறப் பொட்டுமடலின் பின்பகுதி சிதைந்தோர் சரளமாகப் பேசுவர். தொடரின் ஓசையும் ஓட்டமும் கெடா. ஆனால் சொற்கள் பிறழ்ந்து பொருள் கலைந்துவிடும். பிறர் பேச்சும் அவர்களுக்கு விளங்குவதில்லை.

‘புரோக்கா பகுதி பேச்சிற்கு, வெர்னிக்கே பகுதி பொருளுக்கு’ என்று பாடநூல்கள் எளிமைப்படுத்துவது இன்று ஏற்கத்தக்கதன்று. பாரிசில் பாதுகாக்கப்பட்டிருந்த லெபோர்னின் மூளையை நினா டிரான்கர்சு குழுவினர் காந்த அதிர்வுப் படமெடுத்து 2007-இல் வெளியிட்டனர். புரோக்கா மேற்பரப்பில் கண்ட சிதைவு, முன்னும் பின்னும் உள்ள பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகள் வரை ஆழச் சென்றிருந்தது அதனால் தெரியவந்தது.

நடத்தையில் காணும் வேறுபாடு

மொழி குலையும் வகைக்கேற்ப நடத்தையும் வேறுபடுகிறது. சொல் வராமையைத் தாமே உணரும் புரோக்கா வகையினர் எரிச்சலும் அழுகையும் மனச்சோர்வும் கொள்கின்றனர். வெர்னிக்கே வகையினர் பலர் தம் பிழையை உணர்வதில்லை; தாம் சரியாகவே பேசுவதாகவும் பிறரே விளங்காமல் நடிப்பதாகவும் ஐயுறுகின்றனர். கைகால் செயலிழப்பு இல்லாதபோது இத்தகையோரைப் ‘புத்தி பேதலித்தவர்’ எனக் குடும்பத்தார் கருதிவிடுதல் கூடும். பக்கவாதச் சிகிச்சையில் முதற்சில மணிநேரமே உயிர்நாடி என்பதால், இத்தவறான கணிப்பின் விலை பெரிது.

லெபோர்னின் வசை மற்றோர் உண்மையையும் காட்டுகிறது. கருதிச் சொல்லும் கூற்றும், பழக்கத்தால் தானே எழும் கூற்றும் வேறு வேறு என ஆங்கில நரம்பியலார் ஹியூலிங்சு ஜாக்சன் பிரித்துக் காட்டினார். தம் மகளின் பெயரைச் சொல்ல இயலாத ஒருவர் வேண்டுதல் பாடலைப் பிறழாமல் பாடுவது இதனாலாகும். பாடுகிறாரே, பேசமாட்டேன் என்கிறாரே என்று அவர்மீது வருந்துவதற்கு இடமில்லை.

இலக்கணமும் குலைவும்

மொழியியலார் உரோமன் யாக்கோப்சன் 1956-இல் இக்குலைவுகளை இரண்டாக வகுத்தார். ஒப்புமை வழிச் சொல்லைத் தெரிவு செய்யும் ஆற்றல் கெட்டவர், தொடர்புடைய பொருளைச் சொல்வார். விளக்கு என்பதற்கு மேசை என்பார். தொடர்புபடுத்தும் ஆற்றல் கெட்டவர் ஒப்புமையைப் பற்றுவார். நுண்ணோக்கியைத் தொலைநோக்கி என்பார். முன்னதை ஆகுபெயரோடும் பின்னதை உருவகத்தோடும் இணைத்துக் காணத் தோன்றும். ஆனால் தமிழ் மரபு உவமையாகுபெயரையும் ஆகுபெயருள் அடக்குவதால், இரண்டும் ஒன்றோடொன்று நேராகப் பொருந்துவதில்லை. அவ்வாறே, இலக்கண நூலார் கூறும் வழுவகைகளுள் வினாவிற்குப் பொருந்தா விடையும், திணை பால் மயக்கமும் நோயர் பேச்சில் காணக் கிடைக்கின்றன என்பதால், பழந்தமிழர் மூளையியல் அறிந்திருந்தனர் என முடிவு கட்டுவதும் மிகையாகும். அவ்வகைப்பாடு உற்றுநோக்குதற்குரிய கருவி, அவ்வளவே.

புரோக்கா வகையினர் இடைச்சொற்களையும் விகுதிகளையும் விட்டுவிடுவர் என்பது ஆங்கிலத்தை அடிப்படையாகக் கொண்ட விளக்கம். எபிரேயத்தில் வினையின் வேர் மெய்களால் மட்டுமே ஆனது. அதைத் தனித்து ஒலிக்க இயலாது. ஆகவே அங்கு விடுபடுதலுக்கு மாறாக ஒன்று மற்றொன்றாகப் பிறழ்தலே நிகழும் என 1984-இல் யோசெப் கிராட்சின்ஸ்கி சுட்டினார். தமிழ் இவ்விரண்டிற்கும் வேறானது. ‘வந்தேன்’ என்பதில் இடைநிலையும் விகுதியும் நீங்கினால் ‘வா’ எஞ்சும். அது முழுச்சொல்தான், ஆயினும் ஏவல். நோயர் தாம் வந்ததைச் சொல்ல, கேட்போர் தம்மை அழைப்பதாகக் கொள்வர்.

பெயர்ச்சொல்லில் சிக்கல் இன்னும் நுட்பமானது. ‘பால் குடித்தேன்’ என்பதில் இரண்டாம் வேற்றுமை உருபு மறைந்திருப்பது வேற்றுமைத்தொகை. நலமுடையோரும் அவ்வாறே பேசுவர். ‘அண்ணன் கூப்பிட்டேன்’ என்று, அண்ணனை அழைத்தவர் சொன்னால் அது குலைவு. உயர்திணைச் செயப்படுபொருளில் உருபு வெளிப்பட வேண்டும் என்னும் விதியை அறிந்தவரே இவ்விரண்டையும் வேறுபடுத்த இயலும். அறியாதவர் எண்ணும் ‘விடுபட்ட உருபுகள்’ என்னும் கணக்கில் நோயும் நலமும் கலந்துவிடும்.

சோதனைத் தொடர்கள்

ஆங்கிலச் சோதனைகளில் தொடர்ப்பொருள் உணர்வை அறியச் செயப்பாட்டுவினை பெரிதும் பயன்படுகிறது. அதனை மொழிபெயர்த்து ‘சிறுவனால் சிறுமி தள்ளப்பட்டாள்’ என வினவினால், பேச்சுத்தமிழில் அரிதான அவ்வமைப்பு எழுதப்படிக்காத நலமுடைய முதியோரையும் தடுமாறச் செய்யும். தமிழுக்கு இயல்பானது, உருபேற்ற பெயரை முன்னிறுத்திய தொடர்: ‘கண்ணனை முருகன் அடித்தான்.’ வரிசையை மட்டும் நம்புவோர் அடித்தவன் கண்ணன் என்பர்; உருபை உணர்வோர் முருகன் என்பர். இரு பெயரும் ஒரே பாலாக இருத்தல் இன்றியமையாதது. ‘கண்ணனை வள்ளி அடித்தாள்’ எனின் வினைமுற்றின் விகுதியே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

திரும்பச் சொல்லும் சோதனையில் இரட்டை வழக்கு குறுக்கிடுகிறது. ‘அவர்கள் வந்திருக்கிறார்கள்’ எனச் சோதிப்பவர் படிக்க, நோயர் ‘அவங்க வந்திருக்காங்க’ என்கிறார். ஒலியளவில் இது பிழையாகப் பதிவாகலாம். உண்மையில் அவர் தொடரைக் கேட்டு, பொருள் உணர்ந்து, தம் வழக்கில் மீண்டும் அமைத்துள்ளார். மதிப்பெண் குறைக்கப்பட வேண்டியது சோதனைக்கே.

இலக்கண ஆய்வாளர் பதிவு செய்யப்பட்ட நோயர் பேச்சிலிருந்து பெறத்தக்க விடைகளும் உள. ‘மரத்தை’ என்பதில் உருபு நழுவும்போது எஞ்சுவது சாரியையோடு கூடிய ‘மரத்து’ என்பதா, எழுவாய் வடிவாகிய ‘மரம்’ என்பதா? ‘வீட்டை’ என்பது ‘வீட்டு’ என நிற்குமா, ‘வீடு’ என மீளுமா? முன்னது மிகுதியாகக் கிடைப்பின், உருபேற்கும் அடி தனி வடிவாகவே மனத்தில் இடம்பெற்றுள்ளது எனக் கருத இடமுண்டு. பின்னது மிகுமாயின், பெயரின் எழுவாய் வடிவே அடிப்படை, சாரியையும் இரட்டித்தலும் பேசும் கணத்தில் நிகழும் புணர்ச்சி என்னும் விளக்கம் வலுப்பெறும்.