இரவில் இறங்கும் சரக்கும் செல்போன் படமும்



வெளிமாநிலத்துப் பருப்பு, சர்க்கரை லோடுகள் நம் வேலூர், ஆம்பூர் பக்கம் பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல்தான் வந்து இறங்குகின்றன. சென்ற மழைக்காலத்தில் எங்கள் கடைக்கு வந்த துவரம் பருப்பு லோடில் 14 மூட்டைகள் நனைந்திருந்தன. உடனே செல்போனில் படம் எடுத்தோம். காலையில் பார்த்தால் பாதி வெள்ளை, பாதி கறுப்பு. எது ஈரம், எது நிழல் என்று எங்களுக்கே தெரியவில்லை. லாரி ஆபீசில் படத்தை ஒப்புக்கொள்ளவில்லை. நஷ்டம் எங்கள் தலையில் விழுந்தது. அதன்பின் கற்றுக்கொண்டதைச் சக வியாபாரிகளுக்குச் சொல்வது கடமை என்று எண்ணுகிறோம்.

இருட்டில் படம் எடுக்க முக்கியமாக வேண்டியது அவகாசம். வாணியம்பாடிக்கு அப்பால் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1986-ல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. மங்கலான நட்சத்திரத்தைப் படம் பிடிக்க, தொலைநோக்கி அதைவிட்டு விலகாதபடி வைத்து நெடுநேரம் ஒளியைச் சேர்க்கிறார்கள். செல்போனில் உள்ள 'நைட் மோட்' வசதியும் ஏறக்குறைய அப்படித்தான். சில நொடிகளில் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. 2018-ல் ஹுவாவே, கூகுள் போன்களில் வந்த இவ்வசதி இன்று நடுத்தர விலை போன்களிலும் உண்டு.

கவனிக்க வேண்டியவை:

1. முதலில் லென்ஸைத் துணியால் துடையுங்கள். எண்ணெய்க் கையும் மிளகாய்த் தூளும் படிந்த லென்ஸில் விளக்கெல்லாம் கலங்கித் தெரியும்.

2. பிளாஷ் சில அடி தூரம்தான் எட்டும். பிளாஸ்டிக் சாக்கும் வண்டி நம்பர் பலகையும் அதில் வெள்ளையாகிவிடும். அணைத்துவிடுங்கள்.

3. போனை மூட்டை அடுக்கின் மேலோ தராசின் மேலோ சாய்த்து வையுங்கள். 3 நொடி டைமர் போட்டால் விரல் பட்டு ஆடாது.

4. சுமை தூக்குவோரைச் சற்று நிற்கச் சொல்லுங்கள். அசைவது கலங்கும்.

5. டியூப் லைட்டுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். பக்கவாட்டில் ஒருவர் டார்ச் அடித்தால் ஈரமும் கிழிசலும் எடுப்பாகத் தெரியும்.

6. ஜூம் செய்யாமல் கிட்டப் போய் எடுங்கள்.

நம்பர் பலகை, தார்ப்பாய், லாரி ரசீது, மூட்டைகள் என்று வரிசையாக எடுப்பது நல்லது. தேதியும் நேரமும் பதிந்திருக்கும் மூலப் படத்தை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

படம் மட்டும் போதாது. சேதத்தை ரசீதிலேயே எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். 2007-ம் ஆண்டு சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, வழக்குப் போடுவதென்றால் அதற்கு முன்பே, சரக்கு புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் லாரி கம்பெனிக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். கையெழுத்தும் தெளிவான படமும் கையில் இருந்தால் அந்த நோட்டீசுக்கு பலம் உண்டு.

லாரி வந்த அவசரத்தில் அரை நிமிடம் செலவழிக்க யோசிக்கிறோம். அந்த அரை நிமிடத்தைச் செலவழிக்காததால்தான் எங்களுக்கு 14 மூட்டை போயிற்று.