உயிரணுவின் காவற் புரதம்

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. அவற்றின் உட்கருவிலே டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை சுருண்டு கிடக்கிறது. முறுக்கிய நூலேணி போன்ற அவ்விழையில், உடலை ஆக்கிக் காக்கும் குறிப்புகள் நான்கே எழுத்துகளால் பொறிக்கப்பட்டுள்ளன. வெயிலாலும் புகையாலும் நச்சுப் பொருள்களாலும் அவ்வெழுத்துகள் பழுதுபடுவதுண்டு. பழுதுற்ற உயிரணு கட்டின்றிப் பெருகுமாயின் அதுவே புற்றுநோய்க்கு வித்தாகும். அதனைத் தடுக்கும் காவலனாக அமைந்ததே பி-53 என்னும் புரதம். 1979-ஆம் ஆண்டில் அறியப்பட்ட இப்புரதத்தின் உருவம் எத்தகையது, அவ்வுருவம் குலைந்தால் நேர்வது யாது என்பவற்றை இங்குக் காண்போம்.

பி-53 என்பது 393 அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த ஒரு சங்கிலி. உயிரணுவில் பழுது நேர்ந்தவுடன் இப்புரதங்கள் நான்கு நான்காகக் கூடி, டி.என்.ஏ.யில் தமக்குரிய இடங்களைப் பற்றிக்கொள்கின்றன. உடனே அவ்விடத்து மரபணுக்கள் தொழிற்படத் தொடங்குகின்றன. உயிரணு பெருகுவது நிற்கிறது. பழுது மிகுதியாயின் அது தானே மாய்ந்துவிடுகிறது.

கண்ணில்லாத புரதம் தனக்குரிய எழுத்துகளை எவ்வாறு அறிகிறது? தடவிப் பார்த்தே அறிகிறது எனலாம். சங்கிலியின் நடுப்பகுதியே அவ்வாறு பற்றும் கை. அது டி.என்.ஏ.யைப் பற்றிய நிலையிலேயே படிகமாக்கப்பட்டு, ஊடுகதிர்களால் ஆராயப்பட்டது. நியூயார்க்கில் நிக்கோலா பாவ்லெடிச்சும் உடன் ஆய்ந்தோரும் 1994-இல் அதன் முப்பரிமாண உருவத்தை வெளியிட்டனர். இத்தகைய உருவங்கள் சரியானவைதாமா எனத் தேரும் உரைகல்லாக, 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன் குழுவினர் வகுத்த வரைபடம் இன்றும் பயன்படுகிறது.

அவ்வுருவம் எளிதில் மனத்திற் கொள்ளத் தக்கது. இரண்டு பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாற்போன்ற ஓர் அடித்தளம். அதன் ஒரு முனையில் விரல்களைப்போல நீண்ட சில வளைவுகளும் ஒரு சிறு சுருளும். சுருள், ஏணியின் அகன்ற பள்ளத்தில் பொருந்துகிறது. ஒரு வளைவிலுள்ள 248-ஆம் மணியாகிய ஆர்ஜினின், குறுகிய பள்ளத்தினுள் நுழைகிறது. வளைவுகள் நெகிழாதவாறு ஒரே ஒரு துத்தநாக அணு, நான்கு மணிகளை இணைத்து அச்சாணிபோல நிற்கிறது.

மாந்தருக்கு உண்டாகும் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியளவில் பி-53 பழுதுற்றிருக்கிறது. அப்பழுதுகளிற் பெரும்பாலானவை இந்தக் கைப்பகுதியிலேயே உள்ளன. அவை இருவகைப்படும். 248, 273 ஆகிய இடங்களில் மணி மாறினால், டி.என்.ஏ.யைத் தொடும் விரலே போய்விடுகிறது. 175-ஆம் மணி மாறினாலோ, விரல்களைத் தாங்கும் கட்டுக்கோப்பு குலைகிறது. விளைவு ஒன்றே: காவலன் இருந்தும் காவல் இல்லை.

இத்தகைய மாற்றம் நம் உணவின் வழியாகவும் வரக்கூடும். ஈரத்தில் கிடந்த வேர்க்கடலையிலும் சோளத்திலும் வளரும் ஒருவகைப் பூசணம், அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. அந்நஞ்சு மிகுந்த சீனத்துச் சிடோங் பகுதியிலும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் ஈரற் புற்றுநோய் கண்டோரை ஆராய்ந்தபோது, பலரிடம் 249-ஆம் மணி ஒன்றே மாறியிருந்தது 1991-இல் தெரியவந்தது. டி.என்.ஏ.யில் ஓர் எழுத்துப் பிறழ்ந்ததே அதற்குக் காரணம்.

உருவத்தை அறிந்ததால் பரிகாரத்திற்கும் வழி தோன்றியுள்ளது. 220-ஆம் மணி மாறும்போது புரதத்தில் ஒரு குழி விழுகிறது. அக்குழியில் ஆப்புப்போலப் பொருந்தி உருவத்தை நிலைநிறுத்தும் மருந்துகள் நோயாளரிடம் சோதிக்கப்பட்டு வருகின்றன.

மருந்து வரும்வரை நாம் வாளா இருக்க வேண்டுவதில்லை. வேர்க்கடலையை நன்கு உலர்த்தி, ஈரம் படாமல் வைப்போம். பூசணம் பிடித்ததை, வறுத்தால் சரியாகும் என்று எண்ணாது எறிந்துவிடுவோம். வறுப்பதனால் அந்நஞ்சு முற்றும் அழிவதில்லை. அணுவளவான அந்தக் காவலனுக்கு நம் அடுக்களையிலிருந்தே நாம் செய்யக்கூடிய துணை இது.