களைக்குத் தப்பிய களை: புற்றுநோயும் நோய் எதிர்ப்பும்

"எதிர்ப்பு சக்தி நல்லா இருந்தா புற்றுநோய் வராதுதானே?" நிறைய பேர் கேட்கிற கேள்வி இது. பாதி உண்மை. மீதிப் பாதியைத்தான் இன்னிக்குப் பேசப் போறேன்.

2001-ல் அமெரிக்காவில் ராபர்ட் ஷ்ரைபர் குழு ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. ஒரு பக்கம் சாதாரண எலிகள். இன்னொரு பக்கம் டி செல்லும் பி செல்லும் இல்லாத எலிகள். இரண்டுக்குமே புற்றுநோய் உண்டாக்கும் ஒரே ரசாயனத்தைப் போட்டாங்க. எதிர்ப்பு இல்லாத எலிகளுக்குக் கட்டி அதிகமா வந்தது. அது எதிர்பார்த்ததுதான்.

அடுத்து செஞ்சதுதான் முக்கியம். அந்தக் கட்டிகளை எடுத்து வேற ஆரோக்கியமான எலிகளுக்குள்ள வச்சாங்க. சாதாரண எலியில் உருவான கட்டிகள் அங்கேயும் வளர்ந்தன. எதிர்ப்பு இல்லாத எலியில் உருவானதில் ஏறக்குறைய பத்தில் நாலு அழிஞ்சுபோச்சு.

ஏன்? நெல்வயலில் களை எடுக்கிறதை நினைச்சுப் பாருங்க. பார்த்ததும் தெரியுற களை முதல்ல போயிடும். நெல் மாதிரியே இருக்கிற களைதான் கைக்குத் தப்பி, விதை போட்டுப் பெருகும். டி செல்களும் அப்படித்தான். அடையாளம் தெரியுற செல்களைக் கொல்லுது. அடையாளத்தை மறைக்கிற செல்கள் மிஞ்சுது. கடைசியில் ஸ்கேனில் தெரியுற கட்டி, பல தடவை களையெடுத்தும் தப்பினதோட வாரிசு.

இதுக்கு நடுவுல, இரண்டு பக்கமும் ஜெயிக்காத ஒரு சமநிலை பல வருஷம் நீடிக்கலாம். 2003-ல் ஸ்காட்லாந்திலிருந்து ஒரு சம்பவம் பதிவாச்சு. மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செஞ்சு 16 வருஷம் ஆன ஒருத்தரோட சிறுநீரகங்களை, அவர் இறந்த பிறகு இரண்டு பேருக்குப் பொருத்தினாங்க. இரண்டு பேருக்குமே அதே மெலனோமா வந்தது. கொடுத்தவர் உடம்பில் அடங்கிக் கிடந்த செல்கள், எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுறவங்க உடம்பில் எழுந்துடுச்சு.

தப்பின கட்டி சும்மா இருக்காது. எதிர்ப்பு மண்டலத்தையே மாத்தப் பார்க்கும். டி செல்லின் மேல பிடி-1ன்னு ஒரு பிரேக் உண்டு. கட்டி அதை அழுத்திப் பிடிச்சு டி செல்லைச் சோர்வாக்குது. இந்த மாதிரி பிரேக்குகளை விடுவிக்க வழி காட்டினதுக்குத்தான் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைச்சது. ஆனா அடையாளத்தையே அழிச்சுட்ட செல்லிடம் பிரேக்கை விட்டும் பிரயோஜனம் இல்லை. விட்ட பிரேக், நம்ம குடலையும் தைராய்டையும் கூடத் தாக்க வைக்கலாம்.

அதனால, "என் எதிர்ப்பு சக்தி குறைஞ்சதாலதான் வந்துச்சு"ன்னு யாராவது தன்னையே நொந்துக்கிட்டா, இதைச் சொல்லுங்க. புற்றுநோய் வர்றவங்கள்ல பெரும்பாலானவங்களோட எதிர்ப்பு மண்டலம் நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு. சக்தியைக் கூட்டுறதா சொல்லி விக்கிற பொடிக்கு எந்த செல் ஒளிஞ்சிருக்குன்னு தெரியாது. மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேற: "இந்தக் கட்டி எப்படித் தப்பிச்சது? அதுக்கு ஏத்த மருந்து இருக்கா?"