பலர் கூடிய அறையை எழுதப் பயிலுதல்

வெளி மாநிலங்களில் வாழும் நம்மில், ஊரிலுள்ள உறவினர் அனைவரையும் ஒரே கூடத்தில் அமர்த்தி எண்ணெய் வண்ணத்தில் எழுத விரும்புவோர் உளர். தனித்தனிப் புகைப்படங்களைப் பார்த்து எழுதும்போது முகங்கள் ஒத்திருக்கும். ஆயினும் அவர்கள் ஓரிடத்தில் கூடியிருப்பதாகத் தோன்றாது. ஒருவர்மீது இடப்புற ஒளியும், மற்றொருவர்மீது வலப்புற ஒளியும் விழுவதே காரணம். அறை முழுவதையும் ஒரே ஒளியில் காணும் பயிற்சியைத் தேர்ந்த ஓவியர் ஒருவரின் படத்தைப் பார்த்தெழுதிப் பெறலாம்.

ஸ்பெயின் நாட்டு ஓவியர் வெலாஸ்கெஸ் 1656-ஆம் ஆண்டில் எழுதிய 'லாஸ் மெனினாஸ்' இதற்கு ஏற்றது. மாட்ரிட் நகரின் பிராடோ காட்சிசாலையில் உள்ள இப்படம் 318 செ.மீ. உயரமும் 276 செ.மீ. அகலமும் உடையது. அரண்மனைக் கூடத்தின் நடுவே சிறுமி மார்கரிட்டா இளவரசி, இருபுறமும் பணிப்பெண்கள், இடப்பக்கம் ஓவியரே தூரிகையுடன் நிற்கிறார். உருவங்கள் பெரும்பாலும் படத்தின் கீழ்ப்பாதியில் அடங்க, மேற்பாதியில் இருண்ட சுவரும் கூரையுமே உள்ளன.

53 செ.மீ. உயரமும் 46 செ.மீ. அகலமும் கொண்ட கித்தான், மூலத்தில் சரியாக ஆறில் ஒரு பங்கு. அச்சுப்படத்திலும் கித்தானிலும் சம எண்ணிக்கையில் கட்டங்கள் வரைந்து, கட்டம் கட்டமாக உருவங்களின் எல்லைகளைக் கரியால் குறித்துக்கொள்க. பின்னர்ப் பழுப்பு வண்ணத்தை டர்ப்பென்டைனில் நீர்க்கக் கரைத்து, ஒளியும் நிழலும் மட்டும் தீட்டுக. முகங்களுக்கு இப்போது அவசரம் வேண்டா. கண்களைப் பாதி மூடி நோக்கினால், இளவரசியின் வெண்ணிற உடையும் பின்சுவரின் திறந்த வாயிலும் தெளிவாக மேலோங்கும். ஏனையவை மங்கி அடங்கும். இந்த ஏற்றத்தாழ்வு பொருந்தியபின் வண்ணத்தைத் தொடங்கலாம்.

அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும், மேற்பூச்சுகளில் சற்று மிகுதியாகவும் இருத்தல் வேண்டும். முறை மாறினால், அடிப்பூச்சு உலருமுன் மேற்பூச்சு இறுகி, நாளடைவில் வெடிப்புக் காணும்.

ஒற்றை அறையில் குடியிருப்போர் சாளரத்தைத் திறந்து வைத்தே எழுதுக. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைத்தால், அவை தாமே சூடேறித் தீப்பற்றக்கூடும். நீர் நிறைந்த மூடியுள்ள தகரப் பாத்திரத்தில் இடுவதே பாதுகாப்பு.

பார்த்தெழுதுவது இழிவன்று. இதே படத்தை 1778-இல் கோயா செதுக்கோவியமாகவும், 1879-இல் அமெரிக்க ஓவியர் சார்ஜென்ட் எண்ணெய் வண்ணத்திலும் பார்த்தெழுதினர். படியெடுத்த ஓவியத்தின் பின்புறம் மூல ஓவியரின் பெயரையும், எழுதியவர் பெயரையும் குறித்தல் நேர்மை.

இப்பயிற்சி கைவந்தபின், உறவினர் புகைப்படங்களை எடுத்துக்கொள்க. ஒளி எப்பக்கமிருந்து வருகிறதென முதலில் முடிவு செய்து, கூடத்தை எழுதுக. பிறகு ஒவ்வொருவரையும் அவ்வொளியில் அமர்த்துக.