வீட்டில் தொடங்கிய நூலகம்

ஏழாம் வகுப்பு நூலகப் பாடவேளையில் ஒருநாள், “ஊர் நூலகத்தை யார் தொடங்குவார்கள்?” என்று கேட்டேன். “கவர்மெண்ட்தான் டீச்சர்!” என்றது வகுப்பு. பதில் தவறில்லை. 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்துக்குப் பின் நம் மாநிலத்தில் நூலகங்கள் அரசின் பொறுப்பில்தான் பெருகின. ஆனால், முதல் அடியை ஒரு தனிமனிதரும் எடுத்து வைக்கலாம். அதற்குச் சான்றாக யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கதையைச் சொன்னேன்.

இலங்கையின் வடக்கே உள்ள யாழ்ப்பாணத்தில், 1933-இல் க.மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டிலேயே புத்தகங்களை வைத்துப் பிறருக்குப் படிக்கக் கொடுத்தார். ஊருக்குப் பொதுவாக ஒரு நூலகம் வேண்டும் என்ற அவருடைய எண்ணத்தை ஊரிலுள்ள படித்தவர்களும் ஏற்றனர். மறு ஆண்டே ஒரு குழு அமைந்தது. செல்லப்பா அதன் செயலாளரானார்.

1934 ஆகஸ்ட் 1 அன்று, ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் நூலகம் திறக்கப்பட்டது. அன்று அங்கிருந்தவை 844 நூல்களும், ஏறத்தாழ 30 செய்தித்தாள்களும் இதழ்களும்தான். 1935 தொடக்கத்தில் உள்ளாட்சி அமைப்பு அதைப் பொறுப்பேற்றது. தனிமனிதர் தொடங்கியதை ஊர் வாங்கிக்கொண்டது; ஊர் நடத்தியதை நிர்வாகம் ஏற்றது. இந்த வரிசையைத்தான் மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

1950-களில் பெரிய கட்டடம் எழுந்தபோது, இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிடப் பாணியில் வடிவமைத்தார். 1959-இல் அது திறக்கப்பட்டது. 1981-இல் எரிக்கப்பட்டபோது அங்கு சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் இருந்தன. இன்று அந்நூலகம் மீண்டும் எழுந்து இயங்குகிறது.

கதை முடிந்ததும் ஒரு மாணவி எழுந்தாள். “டீச்சர், அவர் வீட்டுப் புத்தகத்தை வாங்கிட்டுப் போனவங்க திருப்பித் தராம இருந்திருந்தா?”

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பள்ளியின் புத்தக பீரோ சாவி என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. புத்தகம் தொலைந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது என்ற பயத்தில், பாடவேளைக்கு மட்டும் திறந்து, மணி அடித்ததும் எண்ணிப் பார்த்துப் பூட்டிவிடுவேன். செல்லப்பாவும் அப்படிப் பூட்டி வைத்திருந்தால், அந்த 844-க்கு வழியே பிறந்திருக்காது.

மறுவாரம் தலைமையாசிரியரின் அனுமதியோடு நாற்பது புத்தகங்களை வகுப்பறைக்குக் கொண்டுவந்தேன். ஒரு நோட்டில் நான்கு கட்டங்கள்: பெயர், நூல், எடுத்த நாள், திருப்பிய நாள். வாரம் இருவர் நூலகர்கள். கேள்வி கேட்ட மாணவியே முதல் நூலகர். பருவ முடிவில் இரண்டு புத்தகங்கள் வரவில்லை. அதையும் அந்த நோட்டிலேயே எழுதி, தலைமையாசிரியரிடம் கையொப்பம் பெற்றேன். மீதி முப்பத்தெட்டும் அட்டை நைந்து வந்தன. பீரோவில் இருந்தவரை அவை புதிதாகவே இருந்தன.

உங்கள் வகுப்பிலும் இதே கேள்வியிலிருந்து தொடங்கலாம். ஊர் நூலகத்தை யார், எந்த இடத்தில், எத்தனை நூல்களோடு தொடங்கினார்கள் என்று மாணவர்கள் நூலகரிடமும் பெரியவர்களிடமும் கேட்டு எழுதி வரட்டும். அதற்கு முன், நம் பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று நாம் ஒருமுறை பார்த்துக்கொள்வோம்.